230-க்கு 9 போதுமா?

கேள்வி: போடிமெட்டில் ஏலத்தோட்ட ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். அப்பா கீழே போடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன பெட்டியில் பி.இ.எல். இஎல்84 வால்வு 2, இசிசி83 ஒன்று, நல்ல நிலையில் ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் கிடைத்தன. அவர் நினைவாக ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பழைய பாட்டுக் கேட்க ஆசை. ஸ்டீரியோவாக இருந்தால் நல்லது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. மோட்டார் காயில் கட்டும் அண்ணன், "230-க்கு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதும், 230 பக்கத்தை வால்வுக்குக் கொடு, 9 பக்கத்தை ஸ்பீக்கருக்குக் கொடு" என்கிறார். மைக் செட் வைத்திருக்கும் மாமா, குழாய் ஸ்பீக்கரில் இருந்த லைன் டிரான்ஸ்ஃபார்மரைத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகர், போடிமெட்டு

பதில்: அண்ணன் சொல்வது பாதி சரி. மாமா தருவது நல்ல பொருள்தான், ஆனால் ஸ்டீரியோவுக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

இஎல்84 வால்வைத் தனியாக ஓட்டினால் அதற்குச் சுமார் 5,200 ஓம் சுமை வேண்டும். 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் இழுத்து, 5 வாட்டுக்குச் சற்று மேலே தரும். உங்கள் ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த 8 ஓமை வால்வின் கண்ணுக்கு 5,200 ஓமாகக் காட்டுவதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. சுற்று விகிதத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்க வேண்டும். 230-ஐ 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 25.5. அதை அதனாலேயே பெருக்கினால் 650, எட்டால் பெருக்கினால் 5,200. அண்ணன் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. எத்தனையோ பேர் இந்தக் கணக்கை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் அச்சிட்டிருக்கும் 9 வோல்ட், முழுச் சுமை ஏற்றும்போது வருவது. சும்மா இருக்கையில் 10 வோல்ட்டைத் தொடும். உண்மையான விகிதம் 23 என்றால் சுமை 4,200 ஓம்தான். அதனால் வால்வு கெட்டுவிடாது, ஓசை கொஞ்சம் மாறும், அவ்வளவே. எதையும் அச்சை நம்பாமல் அளந்து பாருங்கள். வேறொரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் 6 வோல்ட் ஏ.சி.யை 230 பக்கத்தில் கொடுத்து, இரண்டு பக்கமும் மீட்டர் வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். அந்த 6 வோல்ட்டை மறந்தும் 9 வோல்ட் பக்கத்தில் கொடுத்துவிடாதீர்கள். மறுபக்கம் 150 வோல்ட் எழும், கை வைத்தால் உதறித் தள்ளிவிடும்.

விகிதத்தை விடப் பெரிய சிக்கல் டி.சி. கரண்ட். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரில் அந்த 48 மில்லி ஆம்பியரும் பிரைமரி வழியே ஓயாமல் ஒரே திசையில் ஓடும். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இ, ஐ தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிக் கோத்திருக்கும், நடுவே இடைவெளி கிடையாது. பாட்டு வருவதற்கு முன்பே டி.சி. அந்த இரும்பை நிறைத்துவிடும். தவில் அடி விழும்போது ஏற்க இடமில்லாமல் அடித்தொண்டை கட்டிய மாதிரி ஒலிக்கும். "வால்வு செட்டில் பேஸ் வராது" என்று சொல்பவர்களில் பலர் கேட்டது இதைத்தான்.

இதற்கு வழி உண்டு. தகடுகளை உருவி எடுத்து, இ தகடு எல்லாவற்றையும் ஒரு பக்கமாகவும், ஐ தகடு எல்லாவற்றையும் மறுபக்கமாகவும் அடுக்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு ஏ4 தாளை வைத்து இறுக்குங்கள். அந்தத் தாளின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு செய்தால் 2, 3 ஆம்பியர் அளவுள்ள 230-க்கு 9 டிரான்ஸ்ஃபார்மர் சின்ன அறைக்குக் கேட்கும்படி பாடும். மேல் ஸ்தாயி மட்டும் மங்கலாக இருக்கும், சலங்கை ஒலி துல்லியமாக வராது. பிரைமரியை மொத்தமாகச் சுற்றி, அதன் மேலே அல்லது பாபினின் பக்கத்து அறையில் செகண்டரியைச் சுற்றியிருப்பதுதான் காரணம். அதற்குத் தாள் வைத்துப் பயனில்லை.

மாமா தரும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள். கோவில் கொடைக்குக் கட்டும் குழாய்களில் 100 வோல்ட் லைனுக்காக இருப்பது. அதில் 10 வாட், 5 வாட், 2.5 வாட், 1.25 வாட் என்று முனைகள் எழுதியிருந்தால் விட்டுவிடாதீர்கள். 100-ஐ 100-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் அந்த முனையின் ஓம் கிடைக்கும். 1.25 வாட் முனை 8,000 ஓம், 5 வாட் முனை 2,000 ஓம். ஓம் நாலில் ஒன்று என்றால் சுற்று சரிபாதி. அதாவது பொதுமுனைக்கும் 1.25 வாட் முனைக்கும் நட்டநடுவில் இருப்பது 5 வாட் முனை. பொதுமுனையை ஒரு வால்வுக்கும், 1.25-ஐ இன்னொரு வால்வுக்கும், 5-ஐ பி பிளஸ்ஸுக்கும் (வால்வுக்கான 300 வோல்ட் டி.சி. சப்ளை) கொடுத்தால், இரண்டு இஎல்84 புஷ்-புல்லாக ஓட ஏற்ற 8,000 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் காயலான் கடை விலையில் கையில் இருக்கிறது. புஷ்-புல்லில் இரண்டு வால்வின் டி.சி.யும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும், அதனால் இடைவெளி தேவையில்லை. ஒற்றை வால்வுக்கு இது ஆகாததும் அந்த இடைவெளி இல்லாததால்தான்.

இணைக்கும் முன் மூன்று சோதனை. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே மீட்டரில் தொடர்பு காட்டினால் அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், 300 வோல்ட் நேரே ஸ்பீக்கர் கம்பிக்கு வந்துவிடும். செகண்டரி 8 ஓமுக்கா 16 ஓமுக்கா என்று பாருங்கள். 16 ஓம் முனையில் 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் பாதியாகிவிடும். அடுத்து, மேல் வாட் முனை 10 வாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் இரும்பு தாங்கும் அளவைச் சொல்வது அதுதான்.

கட்டும்போது வால்வுக்குத் தனித்தனியே 270 ஓம் கத்தோட் ரெசிஸ்டர் போட்டு, இரண்டிலும் வோல்ட் பாருங்கள். 1 வோல்ட் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 4 மில்லி ஆம்பியர் சமமில்லை. அதற்கு மேல் போனால் வேறு வால்வு ஜோடி தேடுங்கள். முல்லார்டு நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் புத்தகத்தில் இதே இஎல்84 ஜோடியில் 5 வால்வு, 10 வாட் என்று ஒரு சர்க்யூட் இருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் ஒரே இசிசி83-க்குள் இரண்டு டிரையோடு இருக்கின்றன. ஒன்று ஒலியைப் பெருக்கட்டும், மற்றது அதை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கட்டும்.

இனி என் யோசனையைச் சொல்கிறேன். ஸ்டீரியோ ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் கேட்க நினைக்கும் 1950, 60-களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. சுமாரான இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை விட, நல்ல ஒன்றும் நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் அந்தக் குரல்களுக்கு அதிக நியாயம் செய்யும். அப்பாவின் இரண்டு வால்வும் ஒரே பாட்டை இரு தோளில் சுமக்கட்டும்.

ஸ்டீரியோதான் வேண்டும் என்று மனம் கேட்கவில்லையா? அப்படியானால் காயில் கட்டும் அண்ணனிடம் 230-க்கு 9 வாங்காமல், கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். அவர் கையில் இருக்கும் திறமைக்கு இது பெரிய வேலையல்ல. நடுக்கால் 28 மில்லிமீட்டர் அகலம், அடுக்கும் 28 மில்லிமீட்டர் உயரம் வரும்படி நல்ல சி.ஆர்.ஜி.ஓ. ஸ்டாம்பிங். பிரைமரி 36 கேஜ் கம்பியில் 2,500 சுற்று, செகண்டரி 21 கேஜில் 100 சுற்று. 2,500-ஐ நூறால் வகுத்தால் 25. இதை மொத்தமாகச் சுற்றக் கூடாது. முதலில் பிரைமரி 625, அதன் மேல் செகண்டரி 50, பிறகு பிரைமரி 1,250, மறுபடி செகண்டரி 50, கடைசியில் பிரைமரி 625. எல்லாம் ஒரே திசையில் சுற்றி வரிசையாக இணைக்க வேண்டும். மங்கிப்போன சலங்கை இந்த அடுக்கு முறையில்தான் திரும்பி வரும். இ-ஐ இடைவெளிக்கு அதே ஏ4 தாள். பிரைமரி 20 ஹென்ரியை ஒட்டி வரும், அது 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கப் போதும்.

அண்ணன் "எதற்கு இத்தனை அடுக்கு?" என்று கேட்பார். பொறுமையாக விளக்குங்கள், சுற்றுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் டிரான்ஸ்ஃபார்மர் பாடுவதை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டாவதை அவரே இன்னும் நன்றாகக் கட்டுவார்.

கேள்வி: பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எப்போதும் பிரைமரியே அறுந்திருக்கிறதே, ஏன்?
— ஒரு வாசகர், சின்னமனூர்

பதில்: ஈரம்தான் காரணம். பிரைமரி எந்நேரமும் 200 வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ்வில் இருக்கிறது, இரும்புக் கோரோ சேசிஸோடு ஒட்டி நெகட்டிவ்வில் இருக்கிறது. நடுவே உள்ள காகிதம் ஈரம் குடித்தால் அதன் வழியே துளித்துளியாகக் கரண்ட் கசிந்து, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். தலைமுடி போன்ற கம்பி அது, ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்து, அடுத்ததில் அறுந்துவிடும். செகண்டரி தடித்த கம்பி, அதில் உயர்ந்த வோல்ட்டும் இல்லை. அதனால் பிழைத்துக்கொள்கிறது. அறுந்தவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், தகடுகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை 3, 4 வாட் ரேடியோவுக்கானவை, பெரிய ஓசையை எதிர்பார்க்காதீர்கள்.

போடிமெட்டு நண்பர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். உங்கள் ஊரில் மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து போகும். அடுக்குகளுக்கு நடுவே காகிதத்துக்குப் பதில் பாலியஸ்டர் ஃபிலிம் வைக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்த காயிலை முதலில் நன்றாகக் காய வைத்து, சூடு ஆறும் முன்பே வார்னிஷில் முக்கி, குமிழி நிற்கும் வரை விட்டு எடுங்கள். காய வைக்க உங்கள் ஸ்டோர் நல்ல இடம். ஏலக்காய் உலரும் 50 டிகிரிச் சூட்டில் இரண்டு இரவு இருந்தால் ஈரம் பெரும்பாலும் போய்விடும். வார்னிஷ் போட்ட பிறகு மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். ஏலக்காய் பக்கத்து வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும், ஒரு தட்டுக் காயே பாழாகும். அதற்கு அண்ணன் கடையிலேயே 100 வாட் குண்டு பல்பு எரியும் தகரப் பெட்டி ஒன்று போதும்.

கேள்வி: ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துப் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: கூடாது. சுமை இல்லாத பிரைமரியில் வோல்ட் பல மடங்கு எழும்பி, சுற்றுகளுக்கு நடுவே பொறி பறந்து காயில் எரிந்துவிடும். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் 8 ஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரைச் செகண்டரியில் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். அணைத்த பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்து விடுங்கள். மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் வரை உள்ளே விரலை விடாதீர்கள்.