நின்று நின்று ஓடும் டீசல் எஞ்சின்

இறவைப் பயிருக்கு நீர் பாய்ச்சிக் கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது. டேங்கில் டீசல் இருக்கிறது. எஞ்சின் அளவுக்கு மேல் சூடேறவும் இல்லை. சற்று நேரம் கழித்து ஹாண்டில் போட்டுச் சுற்றினால், ஒன்றும் நடவாதது போல ஓடுகிறது. அரை மணியில் மறுபடியும் நிற்கிறது. அடியோடு ஓடாத எஞ்சினில் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. இப்படி நின்று நின்று ஓடும் எஞ்சின்தான் விவசாயியையும் மெக்கானிக்கையும் ஒருங்கே அலைக்கழிக்கும். மெக்கானிக் பக்கத்தில் நிற்கும்வரை நன்றாக ஓடும். அவர் சைக்கிளில் ஏறி ஊர் எல்லையைத் தாண்டியதும் நிற்கும்.

இக்கட்டுரையை எழுதும் நான் உழவியல் ஆசிரியன்; எஞ்சின் பொறியாளன் அல்லன். ஆயினும் பயிரைப் பார்க்கப் போன இடத்தில் எஞ்சினைப் பார்க்க நேர்ந்தது. 2023 பிப்ரவரியில் மணற்பாங்கான ஓர் ஊரில், மார்கழிப் பட்டத்தில் விதைத்த இறவை நிலக்கடலையைப் பார்க்கச் சென்றிருந்தேன். பயிருக்கு வயது ஏறத்தாழ 45 நாள். பூத்து, விழுது இறங்கும் தருணம். அத்தருணத்தில் மேல் மண் ஈரமாகவும் இளக்கமாகவும் இருந்தால்தான் விழுது மண்ணுக்குள் புகுந்து காய் பிடிக்கும். ஆனால் அந்த வயலில் மேல் மண் காய்ந்து இறுகி, பல விழுதுகள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் கருகி நின்றன. கிணற்றில் தண்ணீர் இருந்தது. எஞ்சின்தான் ஓடவில்லை. இரண்டு தண்ணீர் தவறிவிட்டது என்றார் விவசாயி.

அதற்கு முன்பே டீசல் பம்பின் உள் பாகத்தை மாற்றியிருந்தார். நாசிலையும் புதிதாகப் போட்டிருந்தார். அதற்காக வீட்டு நகை ஒன்று அடகுக்குப் போயிருந்தது. அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை யோசிக்க வைத்தது. "டேங்கு நிறைய டீசல் ஊத்துற அன்னைக்குத்தாங்க சார் சீக்கிரமா நிக்குது. கொஞ்சமா ஊத்துனா கொஞ்சம் கூடவே ஓடுது" என்றார். பங்கில் போடும் டீசல் சரியில்லை என்பது அவருடைய முடிவு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

எஞ்சின் ஆட்டத்தில் டேங்கு மூடியின் ஓரமாக டீசல் சிந்துகிறது என்று, சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடியின் உட்புறம் வைத்திருந்தார்கள். டீசல் சிந்துவது நின்றது. மூடியிலுள்ள காற்றுத் துளையும் அதனால் அடைபட்டுப் போனது. டியூபை எடுத்துவிட்டு, துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து ஓட்டியதில் எஞ்சின் அன்று மாலைவரை நிற்கவில்லை.

காற்றுத் துளை எதற்கு?

சிறு எஞ்சின்களில் டேங்கு உயரத்தில் இருக்கும். அங்கிருந்து டீசல் தன் எடையினாலேயே கீழிறங்கிப் பில்டருக்கும் டீசல் பம்புக்கும் வருகிறது. 5 குதிரைச் சக்தி எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் எரிக்கும். அந்த ஒரு லிட்டர் இறங்கிய இடத்தை நிரப்ப அதே அளவு காற்று டேங்கினுள் வந்தாக வேண்டும். காற்று வர வழியில்லை என்றால், டேங்கின் உள்ளே இருக்கும் காற்று இழுபட்டு மெலிந்து, டீசலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். நிரம்பிய குடத்தின் குறுகிய வாயைக் கவிழ்த்தால் தண்ணீர் தடதடவென்று விட்டுவிட்டு வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே காற்று அதே வாய் வழியே ஏறிவிடுகிறது. டேங்கில் அதற்கும் வழியில்லை.

டேங்கு நிறைய ஊற்றிய நாளில் மேலே காற்றிடம் மிகக் குறைவு. சிறிதளவு டீசல் இறங்கினாலே அக்காற்று வெகுவாக மெலிந்துவிடுகிறது. பாதி டேங்கில் காற்றிடம் அதிகம் என்பதால் மெலிவதற்கு நேரம் பிடிக்கிறது. அந்த விவசாயி கண்டது சரியான உண்மை. காரணம்தான் டீசல் அன்று.

நின்ற எஞ்சின் மீண்டும் ஓடுவதற்கும் இதுவே விளக்கம். எஞ்சின் நின்றதும் நாம் முதலில் செய்வது, டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பதுதான். திறந்த மாத்திரத்தில் காற்று உள்ளே போய்விடுகிறது. டீசல் இருக்கிறது என்று திருப்திப்பட்டு மூடியைத் திருகிவிட்டு எஞ்சினை ஓட்டுகிறோம். நோயை நாமே தீர்த்து, நாமே மறுபடி வரவழைத்துவிடுகிறோம்.

சைக்கிள் டியூப் மட்டும்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது துளை அடைபடலாம். டீசல் பிசுக்கில் புழுதி படிந்தும் அடைபடும். மூடி தொலைந்துபோய்ப் பாலிதீன் தாளைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பதும் பல ஊர்களில் காணக்கூடியதே. பெட்ரோலில் ஓடும் விசைத் தெளிப்பானுக்கும் களையெடுக்கும் கருவிக்கும் இது பொருந்தும். கடலோர மீனவர்கள் படகின் பின்புறம் மாட்டும் மோட்டாருக்குத் தனி டேங்கு உண்டு. அதன் மூடியில் காற்றுக்கென்றே ஒரு திருகு வைத்திருப்பார்கள். அதைத் திறக்க மறந்தால் கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும் மோட்டார் நின்றுவிடும். நமக்கு வரப்பில் நிற்கிறது. அவர்களுக்குத் தண்ணீரில் நிற்கிறது.

ஒரு கிண்ணம், ஒரு ஸ்பானர்

துளை சுத்தமாக இருந்தும் எஞ்சின் நிற்கிறதா? பம்பைக் கழற்றுவதற்கு முன், டீசல் எந்த இடம்வரை ஒழுங்காக வருகிறது என்று டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கிப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாக, நாசிலிலிருந்து தொடங்குகிறார்கள். விலை கூடிய பாகம் அங்கேதான் இருக்கிறது.

டேப்பை மூடிவிட்டு, பில்டருக்குள் நுழையும் பைப்பின் நட்டைக் கழற்றி, பைப்பின் முனையைச் சுத்தமான கிண்ணத்தில் விடவும். டேப்பை முழுவதும் திறந்து, டேங்கு மூடியை நன்றாக இறுக்கி வைத்து, ஐந்து நிமிடம் பொறுமையாகக் கவனிக்கவும். அரை நிமிடம் பார்த்துவிட்டு "டீசல் வருகிறது" என்று முடிவு கட்டக் கூடாது. விட்டு விட்டு வரும் பழுது அரை நிமிடத்தில் தன்னைக் காட்டாது. எஞ்சினுக்குத் தேவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மில்லி, அதாவது ஒரு பெரிய கரண்டி அளவுதான். பைப்பிலோ அதைப்போலப் பல மடங்கு, அறுபடாத தாரையாக வர வேண்டும். தாரை மெலிந்துகொண்டே வந்து, மூடியைத் தளர்த்தியதும் பெருத்தால் குறை காற்றுத் துளையில். மூடியைத் திறந்தும் தாரை மெலிந்தே இருந்தால் குறை டேங்கின் அடியிலோ டேப்பிலோ பைப்பிலோ இருக்கிறது.

டேங்கினுள் கிடக்கும் ஓர் இலைச் சருகு, துணிப் பிசிறு, பழைய பெயிண்டுச் செதில் இவையும் நின்று ஓடும் பழுதைத் தரும். டீசல் இறங்கும்போது அது இழுபட்டுத் துவாரத்தின் வாயில் படியும். எஞ்சின் நின்றதும் மிதந்து விலகும். டேங்கைக் கழற்றி டீசலாலேயே அலசினால்தான் இது தீரும்.

பைப்பில் நல்ல தாரை இருந்தால் அடுத்தது பில்டர். அடைபட்ட பில்டர் உள்ள எஞ்சின் சுமையில்லாமல் ஓடும்போது குறை காட்டாது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் திணறும். காகித பில்டரைக் கழுவிப் போடுவது சிக்கனம் ஆகாது. கழுவும்போது காகிதம் கிழிந்தால், அது தடுத்து வைத்திருந்த அழுக்கு முழுவதும் டீசல் பம்புக்குப் போய்ச் சேரும். கழுவக்கூடிய வகையா, மாற்ற வேண்டிய வகையா என்பதை எஞ்சினுடன் கொடுத்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவும்.

ஏர் எடுத்தல்

டீசலை அமுக்க இயலாது, காற்றை அமுக்கலாம். பம்பினுள் ஒரு குமிழி காற்று புகுந்துவிட்டால், பிளஞ்சர் மேலேறும்போது அக்காற்று அமுங்கும், கீழிறங்கும்போது விரியும். நாசில் திறப்பதற்கு வேண்டிய அழுத்தம் உண்டாவதே இல்லை. எஞ்சின் வேகம் ஏறி இறங்கி, தவறித் தவறி ஓடிப் பின் நிற்கும். காற்றுத் துளை அடைப்புக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. துளை அடைப்பில் எஞ்சின் இளைப்பாறிய பிறகு எழுந்துவிடும். ஏர் பிடித்த எஞ்சினோ ஏர் எடுக்காமல் பெரும்பாலும் எழாது.

டேங்கில் டீசல் தீரும்வரை ஓட்டினாலும், பில்டரைக் கழற்றி மாட்டினாலும் ஏர் பிடிக்கும். ஏர் எடுப்பது கடினமான வேலையன்று. டேப்பைத் திறந்து, பில்டரின் மேலுள்ள ஏர் திருகைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போதே திருகை இறுக்கவும். அடுத்து டீசல் பம்பின் ஏர் திருகிலும் அவ்வாறே செய்யவும். பிறகு நாசில் பக்கத்துப் பிரஷர் பைப்பு நட்டைத் தளர்த்தி, வேகக் கட்டையை முழுவதும் திறந்து வைத்து, வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றவும். குமிழியில்லாமல் டீசல் துளித்ததும் நட்டை இறுக்கவும். இனிச் சுற்றும்போது நாசிலிலிருந்து 'கர்ர்' என்ற சத்தம் கேட்டால் ஏர் போய்விட்டது எனலாம்.

தினமும் ஏர் எடுக்க வேண்டியிருந்தால் காற்று எங்கோ புகுகிறது என்று பொருள். இணைப்புகளை நன்றாகத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றின் மேலும் பழைய செய்தித்தாள் துண்டைச் சுற்றிக் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கவும். எண்ணெய்க் கறை பட்ட தாள் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். பெரும்பாலும் அது நசுங்கித் தேய்ந்த ஒரு செம்பு வாஷராக இருக்கும். நூலைச் சுற்றி இறுக்காமல் வாஷரையே மாற்றுவது நல்லது. நூலின் பிசிறு பம்புக்குள் போகும்.

பிரஷர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று எஞ்சின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. நாசிலிலிருந்து பீச்சும் டீசலின் முன்னும் கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். கை அழுகும் அளவுக்குப் போகலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டீசலில் தண்ணீர்

தண்ணீர் டீசலைவிடக் கனமானது. டேங்கின் அடியில் தங்கும். அரைகுறையாக இருக்கும் டேங்கில் இரவுக் குளிருக்கு உள்ளிருக்கும் காற்றின் ஈரம் வியர்த்துத் துளியாக இறங்கும். ஆகவே மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. காலையில் எஞ்சினை அசைக்கும் முன் அடித் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்துப் பார்க்கவும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே முத்து முத்தாகத் தெரியும். டீசல் சேமிக்கும் கேனையோ டிரம்மையோ ஒரு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடி மண்டி வராமல் எடுத்து ஊற்ற வேண்டும். நாக முலாம் பூசிய வாளியில் டீசலைச் சேமிக்கக் கூடாது. நாகம் டீசலில் கரைந்து பில்டரை அடைக்கும் பசையை உண்டாக்கும்.

புகையையும் பார்க்கத் தவறாதீர்கள். டீசல் போதாமல் நிற்கும் எஞ்சின் கரும்புகை விடாது. கரும்புகை தள்ளிக்கொண்டே வேகம் குறைந்து நின்றால், சுமை கூடிவிட்டது அல்லது காற்று வடிகட்டி அடைத்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது டீசல் பைப்பைக் கழற்றுவது வீண் வேலை.

கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் எஞ்சினைக் கிணற்றின் உள்மேடையில் இறக்கி வைப்போர் உண்டு. அங்கே எஞ்சின் நின்றுவிட்டால் உடனே இறங்கிப் பார்க்கும் வழக்கம் மிக ஆபத்தானது. புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். புகைபோக்கியைக் கிணற்றுக்கு வெளியே நீட்டாமல் எஞ்சினை உள்ளே வைக்கவே கூடாது. நின்று நின்று ஓடும் எஞ்சினாக இருந்தால் மேலே ஏற்றி, பழுதைத் தீர்த்த பிறகே இறக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் எஞ்சின் நின்றால், அப்போது டீசல் பம்பையும் நாசிலையும் சோதனை மேசை உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்லலாம். களத்து மேட்டில் வைத்துப் பிரிக்கக் கூடாது. பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு மணல் துகளே அதைக் கெடுக்கப் போதும். பட்டறைக்குப் போகும்போது எஞ்சின் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, நிற்குமுன் வேகம் ஏறி இறங்கியதா, படிப்படியாகக் குறைந்ததா, புகை எந்த நிறம், தானாக எழுந்ததா, ஏர் எடுத்த பிறகு எழுந்ததா என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்துப் போகவும். பாகம் எதையேனும் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவும்.