"ரைஃபிள் இழுக்குது" என்றால் எங்கே தொடங்குவது?

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர்கள் சில நாட்களிலேயே கேட்கப்போகும் புகார் இது: "அண்ணா, ரைஃபிள் இழுக்குது." நேற்றுவரை பத்திலும் ஒன்பதிலும் விழுந்தது, இன்று எட்டுக்குப் போகிறது. வரும்போதே மாணவர் கையில் ஆலன் கீ இருக்கும். முதலில் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எது கெட்டது என்று தெரியாமல் சைட்டைத் திருகினால், ஒரு கோளாறு இரண்டாகும்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. அதனால் பெரிய பழுதைத் தேடி அலைய வேண்டாம். அரைச் சுற்று தளர்ந்த திருகு ஒன்றே இரண்டு புள்ளியைக் கொண்டுபோய்விடும்.

சைட்டைத் தொடாமல் பத்து பெல்லட் சுடச் சொல்லி, குரூப்பைப் பாருங்கள். எல்லாம் நெருக்கமாக விழுந்து மையத்தைவிட்டு விலகியிருந்தால் கவலையில்லை, சைட் நகர்ந்திருக்கிறது. சரிசெய்யுமுன் ஏன் நகர்ந்தது என்று கேளுங்கள். வேறு யாராவது எடுத்துச் சுட்டார்களா? கன்னம் வைக்கும் சீக் பீஸை மாற்றினாரா? குரூப் மேலும் கீழுமாக நீண்டால் மூச்சு, கன்னத்தின் அழுத்தம், காற்றழுத்தம் மூன்றையும் சந்தேகியுங்கள். சுடச்சுட ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினால் முதலில் சிலிண்டரின் கேஜைப் பாருங்கள். நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே போனால், ரெகுலேட்டரால் ஒரே அளவு காற்றைத் தர முடியாது. வேகம் குறைந்து பெல்லட் தாழும். பக்கவாட்டில் பரவினால் ரைஃபிளைச் சாய்த்துப் பிடிப்பது, விசையைப் பக்கவாட்டில் தள்ளுவது, உடல் இலக்குக்கு நேராக நில்லாதது என்று ஆளின் பக்கம்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும். எந்த ஒழுங்குமில்லாமல் சிதறினால் திருகும் பெல்லட்டும்.

அடுத்த வேலை, ஆளையும் கருவியையும் பிரித்துப் பார்ப்பது. கிளாம்பில் பூட்டிச் சுடும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைதேர்ந்த ஒருவர் அதே ரைஃபிளில், அதே டப்பா பெல்லட்டில் சுடட்டும். மாணவர் வேறு ரைஃபிளில் சுடட்டும். பத்து நிமிடத்தில் பாதிக் குழப்பம் தீரும். நல்ல போட்டி ரைஃபிளைக் கிளாம்பில் வைத்துச் சுட்டால், ஐந்து பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே துளையாகத் தெரிய வேண்டும்.

ரைஃபிள்தான் என்று உறுதியானால் திருகுகளிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாக்கையும் மேற்பகுதியையும் இணைக்கும் திருகுகள், ரியர் சைட்டைப் பிடித்திருப்பவை, முன் சைட், பேரலில் மாட்டிய எடைகள். முறுக்கும் அளவு கையேட்டில் இருந்தால் டார்க் ரெஞ்சால் அந்த அளவுக்கே முறுக்குங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். முறுக்கியதும் திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் திருகு நகர்ந்தது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

பெல்லட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. நான் சிலிண்டருக்கும் முன்னால் அதைத்தான் கேட்பேன்: "டப்பா மாறுச்சா?" ஒரே பிராண்டிலும் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று மாறும்; ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று ஒத்துவரும், இன்னொன்று வராது. ஈயம் மென்மையானது. டப்பா ஒருமுறை கீழே விழுந்தாலே பெல்லட்டின் பாவாடை விளிம்பு நசுங்கும். கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள். சரியானது சீரான வளைவில் ஓடும், நசுங்கியது தள்ளாடும். ஈயத்தைத் தொட்ட கையோடு யாரையும் சாப்பிட விடாதீர்கள்.

பேரலில் ஈயம் படிந்திருக்கலாம். ஃபெல்ட் பெல்லட்டை, கையேடு சொல்லும் திசையில் செலுத்தித் துடையுங்கள். இரும்புக் கம்பி உள்ளே போகவே கூடாது. முனையில் விழும் ஒரு கீறல் பேரலையே வீணாக்கும். துடைத்த உடனே விழும் சில குண்டுகள் தடம் மாறும், அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காற்று போகும் வழியில் சாதாரண எண்ணெய் விடுவது ஆபத்து.

எல்லாம் சரியாக இருந்து மாணவர் மட்டும் சரியாக இல்லையென்றால், உங்கள் வேலையின் கடினமான பகுதி இனிதான். "தப்பு உன்மேலதான்" என்று சொல்லாதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் வளர்ந்திருக்கும். அப்போது வைத்த பட் பிளேட் அளவு இப்போது பொருந்தாது. கண் பரிசோதனை எப்போது நடந்தது என்று கேளுங்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் புது ரைஃபிள் வாங்கக் கிளம்பும் பெற்றோரிடம், இந்தச் சோதனைகள் முடியும்வரை பொறுக்கச் சொல்வதும் உங்கள் கடமை.

கருவிக் கோளாறு என்று ஒரு பிள்ளை சொன்னால் சாக்கு என்று தள்ளவும் கூடாது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்வதிலேயே பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளியோடு, இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு நோட்டு: தேதி, பெல்லட் விட்டம், காற்றழுத்தம், சைட்டில் எத்தனை கிளிக். ரெகுலேட்டரையும் ட்ரிகரின் உட்பகுதியையும் நீங்கள் பிரிக்காதீர்கள், சர்வீஸுக்கு அனுப்புங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் சிலிண்டரின் காலாவதித் தேதி இருக்கட்டும். சிலிண்டரின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. தேதி கடந்தது ரேக்கில் இருந்தால், யார் என்ன சொன்னாலும் அதில் காற்று நிரப்பாதீர்கள்.