வெந்தயமும் பழைய பேப்பரும்

அன்புள்ள கயல்விழிக்கு,

கொலுவில் வைக்கப் பழைய பேப்பரில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். வீடியோக்களில் வரும் சுருள் பூ வேண்டாம். அதில் பேப்பரைவிட ஜிகினாவும் பசையும்தான் அதிகம். பிறகு அதைப் பழைய பேப்பர்காரர்கூட எடுக்கமாட்டார். கூழில் ஒரு கிண்ணம் செய். காஞ்சிபுரத்தில் கொலு பொம்மைகளையே காகிதக் கூழில் செய்கிறார்கள். மண் பொம்மையைவிட எடை குறைவு, கைதவறி விழுந்தாலும் சட்டென்று உடையாது. முன்பெல்லாம் வீட்டுப் பெண்கள் இதே கூழில் வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, முறத்துக்குப் பூசுவார்கள், கூடையும் செய்வார்கள்.

செய்தித்தாள் போதும். வழவழப்பான வாரப்பத்திரிகைத் தாளில் களிமண் பூச்சு இருப்பதால் கூழ் சரியாகச் சேராது. கடை பில், ஏடிஎம் ரசீது கூடவே கூடாது. அவற்றில் ரசாயனப் பூச்சு உண்டு. கத்தரிக்கோலை எடுக்காதே, கையால் கிழி. கத்தரி நாரை வெட்டிவிடும். கிழித்தால் நார் நீளமாக நிற்கும். கூழுக்கு வலுவே அந்த நார்தான். ஒரு முறை கூழான தாளில் நார் ஏற்கெனவே குட்டையாகியிருக்கும். அதனால் மிக்ஸியில் மாவாக அரைக்காமல், தண்ணீர் தாராளமாக விட்டு, விட்டுவிட்டுச் சுற்று.

ராத்திரி பேப்பரையும் ஒரு கைப்பிடி வெந்தயத்தையும் தனித்தனியே ஊறவை. காலையில் வெந்தயத்தை வழுவழுப்பாக அரைத்து, பிழிந்த கூழோடு பிசை. அந்தக் கொழகொழப்புதான் பசை. மைதாப் பசையும் ஒட்டும். ஆனால் பூச்சி தேடி வரும்.

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் எண்ணெய் தடவி, கூழை அரை விரல் கனத்துக்கு அப்பு. விளிம்பில் மட்டும் சற்றுக் கூடுதலாக. இனி அவசரப்படாதே. நேரே வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து, உள்ளே ஈரம் நிற்க, கிண்ணம் கோணிக்கொள்ளும். முதலில் நிழல், பிறகு வெயில். கூழ் காயக் காயச் சுருங்கும். முழுக்கக் காய்ந்துவிட்டால் அச்சை இறுகப் பிடித்துக்கொண்டு வராது. தொட்டால் ஈரம் ஒட்டாமல், அமுக்கினால் லேசாக நெகிழும் பதத்தில் கழற்றிவிடு. மழை நாளில் இந்த வேலையைத் தொடவே தொடாதே, பூசணம் பூத்துவிடும்.

முழுக்கக் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, காவி பூசி, வெள்ளைப் பெயின்டில் புள்ளிக் கோலம் போடு. அரிசிமாவு வேண்டாம், கரப்பான் நக்கிவிடும். பளபளப்புக்காக பிளாஸ்டிக் வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். வார்னிஷ் இல்லாத கிண்ணம் பழுதானால், ஊறவைத்து மறுபடி கூழாக்கலாம்.

தண்ணீரோ பழமோ அதில் வைக்காதே. வளையல், சாவி, சோழி வை. செய்து முடித்ததும் கிண்ணத்தின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. மேல்பக்கத்தைச் சாயம் காப்பாற்றிவிடும், வேலை தெரிவது அடியில்தான்.

அன்புடன்,
பெரியம்மா