இரட்டையர் ஆட்டமும் ரோகன் போபண்ணாவும்

ஒற்றையர் டென்னிசில் ஒளிராதார் ஒதுங்கும் இடமே இரட்டையர் ஆட்டம் என்று நம் ஏர்பேட்டு விடுதியிலும் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. குடகு நாட்டு ரோகன் போபண்ணா ஒற்றையர் தரவரிசையில் எட்டிய உயர்ந்த இடம் 213தான். அங்கே நிற்பவருக்குப் பரிசுப் பணத்தில் பயணச் செலவு தேறுவதே அரிது.

மற்றப் பாதியைப் பார்ப்போம். ஒற்றையருக்கு ஆடுகளத்தின் அகலம் 27 அடி; இரட்டையருக்கு 36. ஆள் இருமடங்கு, அகலமோ ஒன்பது அடியே மிகுதி. ஆகவே பந்தைத் துரத்தும் காலினும், அது வரும் திசையை முன்னுணரும் கண்ணுக்கே அங்கு வேலை அதிகம். வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னே விரலால் சாடை காட்டுவார். சர்வீஸ் போடும் தோழர் அதற்கேற்ப அடிப்பார். வலிய சர்வீஸே போபண்ணாவின் செல்வம். முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்த பின்னும் அவர் ஆடினார். ஐயங்கார் யோகப் பயிற்சியே காலைக் காத்தது என்று கூறியிருக்கிறார்.

2010இல் பாகிஸ்தானின் ஐசாம் குரேசியுடன் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் தோற்றார். 2023இல் ஆஸ்திரேலியர் மாத்யூ எப்டனுடன் அதே மேடை, மீண்டும் தோல்வி. 2024 சனவரியில், 43 வயதில், எப்டனுடனேயே ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். இரட்டையர் தரவரிசையில் முதலிடமும் கிட்டியது. அவ்வயதில் முதன்முறையாக அங்கு ஏறியவர் அவருக்கு முன் எவருமிலர்!

அவ்வாண்டே பாரிசு ஒலிம்பிக்கில் நம் கோவை ஸ்ரீராம் பாலாஜி அவருடன் இணைந்தார். முதற்சுற்றிலேயே தோற்றனர். அதுவே இந்தியாவுக்காகப் போபண்ணா ஆடிய கடைசி ஆட்டம். 2025 நவம்பரில் அவர் ஓய்வை அறிவித்தார்.