அடித்தண்டு அழுகாத கன்று எங்கே விற்கிறது?

சி ரூசா, லுக்குட், லிங்கி என்று போர்ட்டிக்சன் வட்டாரத்தில் சொந்தமாக நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், மறுநடவு நெருங்கினால் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். “இப்பதான் நோயே வராத கன்னு வந்துருச்சே சார், பழைய கட்டைய எதுக்குக் காசு கொடுத்துத் தோண்டணும்?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அப்படி ஒரு கன்று எந்த நாற்றுப்பண்ணையிலும் இல்லை.

அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா ஒரு பூஞ்சை. வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். புதுக் கன்றின் வேர் அதைத் தொட்டால் ஏறிக்கொள்ளும். காற்றில் வித்துகளாகவும் பரவும். தண்டின் அடிப்பாகத்தை மெல்ல அரித்துத் தின்னும். முன்பு தென்னை நின்ற கடலோர நிலத்திலும், செம்பனை மேல் செம்பனை நட்ட நிலத்திலும் அதற்குக் கொண்டாட்டம். நம் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டுமா?

எதிர்ப்புத் திறனை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? ரப்பர் மரத்துண்டில் பூஞ்சையை வளர்த்து, அதை பாலிபேக்கில் வைத்து, அதன்மேல் செம்பனை நாற்றை நடுகிறார்கள். வேர் அந்தக் கட்டையைத் தொட்டே தீரும். சில மாதம் கழித்து எத்தனை செத்தது என்று குடும்பம் குடும்பமாக எண்ணுகிறார்கள். ஒரு குடும்பத்தில் நிறைய சாகும், இன்னொன்றில் குறைவாகச் சாகும். “எதிர்ப்பு” என்று விற்கப்படுவது இந்த வித்தியாசம்தான். இந்தோனேசியாவின் சொக்ஃபிண்டோ நிறுவனம் தன் விதைக்குப் பெயர் வைத்தபோதே “மொடராட்” என்று சேர்த்துத்தான் வைத்தது. விற்கிறவன் ஓரளவு என்கிறான். வாங்குகிறவர் காதில் முழுசாக விழுகிறது!

நம் மரங்களின் தாய்வழி டெலி டுரா. 1848இல் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கே மரங்களின் வம்சம். டுரான்-காஸ்லாங் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்க வழி மரங்களைவிட இந்த டெலி வழிதான் நோய்க்கு எளிதில் இடம் கொடுத்தது. அதனால்தான் காங்கோ, கேமரூன் இரத்தத்தைக் கலக்கிறார்கள். ஆனால் எதிர்ப்புத் திறன் ஒரு மரபணுவில் இல்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தருவது. விதைக்கன்று என்பதால் ஒரு பையில் உள்ள கன்றும் பக்கத்துப் பைக் கன்றும் ஒன்றல்ல.

ஒற்றை மரபணு கிடைத்தவர்களும் நிம்மதியாக இல்லை. ஐரோப்பா, அமெரிக்காவில் சர்க்கரைக்காகப் பயிரிடும் பீட்டில் வேர்களைத் தாடிபோல் முளைக்கவைக்கும் ஒரு வைரஸ் நோய் உண்டு. 1980களில் அதற்கு ஆர்இசட்1 என்ற மரபணு அகப்பட்டது. அதையே நம்பி நட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் வைரஸ் அதையும் மீறி வந்துவிட்டது.

மற்ற கதைகள் சில்லறை. தண்டில் காளான் வந்தால்தான் நோய் தொடங்குகிறது என்பது தப்பு. வெளியே அறிகுறி தெரியும்போது அடித்தண்டில் பாதி போயிருக்கும். விரியாத குருத்துகள் இரண்டு மூன்று சேர்ந்து நின்றாலே அங்கே போய்ப் பாருங்கள். எதிர்ப்புக் கன்று மரபணு மாற்றியது என்பதும் தப்பு. இங்கே அப்படிச் செம்பனை விற்பனையில் இல்லை, இது பழைய முறைக் கலப்புதான். நன்றாகக் காய்க்கும் மரத்தடியில் முளைத்த கன்றைப் பிடுங்கி நடுவது? நாம் நடும் மரம் தெனெரா என்ற கலப்பு. அதன் பிள்ளைகளில் ஏறக்குறைய கால்பங்கு கெட்டி ஓட்டு டுரா, கால்பங்கு பெரும்பாலும் குலை தராத பிசிஃபெரா. ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை நம் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமே 2013இல் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகும் பிடுங்கி நடுகிறீர்கள்.

கன்றை உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணையில் ரசீதோடு வாங்குங்கள். ஓரளவு தாங்கும் விதை கிடைத்தால் நல்லது, விடாதீர்கள். ஆனால் முதல் செலவு கட்டைக்கு. தனியாக எஸ்கவேட்டர் அழைத்தால் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். அதற்காகத்தான் வருஷக்கணக்காகக் கத்துகிறேன்: ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் அழையுங்கள், லாரிக்கூலி ஒரு தடவையோடு போகும். அடுத்தவர் நிலத்து நோய்க்கட்டை உங்கள் எல்லையில் கிடந்தால் உங்கள் கன்றுக்கும் ஆபத்துதானே? நோய் மரங்களுக்கு இப்போதே பெயின்ட் அடித்து வையுங்கள். வெட்டிச் சாய்த்த பிறகு எது எது என்று தெரியாது. கட்டையை வேர்க்குவியலோடு கிளறி எடுத்து, தண்டைச் சீவிப் பரப்புங்கள். சும்மா மண்ணைப் போட்டு மூடாதீர்கள்.