உப்புக்காற்றில் கான்டெஸா இருக்கை: எதைத் தேர்வது?

இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை தயாரித்த கான்டெஸா, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் வண்டியின் வழிவந்தது. நீண்ட பானெட்டும் அகன்ற உடலும் கொண்ட அந்த வண்டிதான் இந்தியச் சாலைகளில் ‘மசில் கார்’ என்ற பெயருக்கு மிக நெருங்கி வந்தது. அதன் முன்னிருக்கைகளைப் புதுப்பிக்கையில் கோவைக்குப் பொருந்தும் தேர்வுகள் எல்லாம் மரக்காணம் உப்பளங்களுக்கு அருகிலுள்ள வானூருக்குப் பொருந்தா.

காரணம் உப்பின் குணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் இது சாதாரணம். மழையே இல்லாவிட்டாலும் இருக்கைச் சட்டத்தில் படிந்த உப்புத்தூசி உப்புநீராகி இரும்பைத் தின்கிறது. குஷனுக்குள் இருப்பதால் அது வெளியில் தெரிவதில்லை. ஆகவே பணத்தின் பெரும்பகுதி சட்டத்துக்குப் போவதே நியாயம், மேலுறை பிறகுதான்.

துருவை நீக்க மணல் வீச்சு, கம்பி பிரஷ் என்று இரு வழிகள் உண்டு. குழாய்ச் சட்டத்துக்கு மணல் வீச்சு சிறந்தது. ஆனால் சாய்மானப் பொறியையும் நகரும் ரயில்களையும் முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். உள்ளே புகுந்த மணல் பற்களை அரைத்துவிடும். எவ்வழியானாலும் சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, அன்றே பிரைமர் அடிப்பது அவசியம். உப்பின் மேல் பூசிய பெயின்ட் விரைவில் கொப்பளிக்கும்.

பவுடர் கோட்டிங் அழகானது, கடினமானது. ஆனால் ஓரிடத்தில் பெயர்ந்தால் துரு அடியில் ஊர்ந்து பரவும். உள்ளூர் பட்டறையில் ஒட்டுப்போடவும் முடியாது. எபாக்ஸி பிரைமரும் அதன் மேல் இரண்டு கை எனாமலும் வானூருக்கு ஏற்றவை: கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்பப் பூசலாம். குழாயின் உட்புறத்தில் மெழுகுத் தெளிப்பும் தேவை.

திணிப்பில் ரப்பர் கலந்த தேங்காய் நாருக்குக் காற்றோட்டம் அதிகம்; ஆனால் ஈரம் ஏறினால் மெல்ல உதிர்கிறது. கன மீட்டருக்கு 40 கிலோ அளவு அடர்த்தியுள்ள பாலியூரிதேன் ஃபோம் வடிவம் காக்கும். விலை குறைந்த மெல்லிய ஃபோம் சில மாதங்களில் பள்ளம் விழும். அதை வாங்குவது வீண்செலவு.

மேலுறைக்குத் தோல் என்றால் ஆசை எழும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தொலைவில்லை. எனினும் மூடிய வண்டியில் மழைக்காலப் பூஞ்சை தோலைப் பிடிக்கும். அன்றாடப் பராமரிப்பு இல்லாதவருக்கு அது ஏற்றதல்ல. ரெக்ஸின் துடைத்தால் போதும், ஆனால் வியர்வை கசகசக்கும். பக்கங்களுக்கு ரெக்ஸினும் உட்காரும் நடுப்பகுதிக்குத் துணியும் என்ற கலப்பே இங்கே மிகச் சிறந்தது. தையலுக்குப் பாலியெஸ்டர் நூலே வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

கோர்ப்பதற்குச் சித்திரை, வைகாசி வெயில் உதவும்: ரெக்ஸின் உறையை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகி, சுருக்கமின்றி இழுபடும். நடுவில் முதலில் பிடித்து, பிறகு இரு பக்கமும் மாறி மாறி இழுத்து, கம்பி வளையங்களால் கட்ட வேண்டும். ரயில்களுக்கு கிரீஸ் தடவி ஓட்டம் பார்த்த பின்னரே இருக்கையை வண்டியில் ஏற்ற வேண்டும்.

தரையில் பிணைக்கும் போல்ட்டுகளில் சிக்கனம் ஆகாது. விபத்தின்போது ஆளைத் தாங்குவது அவையே. பழைய துருப்பிடித்தவற்றை விட்டுவிட்டு, தலையில் 8.8 என்று பொறித்த புதியவற்றைப் போட வேண்டும். பிணைக்கும் இடத்தில் தரைத்தகடு நொறுங்குகிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பது முக்கியம். அது மெலிந்திருந்தால் வெல்டிங் முடித்த பிறகே இருக்கை ஏறலாம்.