கைபேசி நிறுவனத்தை மாற்றலாமா? – அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

நம் அங்கத்தினருள் கைபேசி இல்லாதவர் இன்று அரியர். அனகாபுத்தூரில் தறியில் அமர்ந்திருப்பவருக்கு நூல் வந்து சேர்ந்த செய்தியும், படப்பையில் பயிர் செய்பவருக்குச் சந்தை விலையும் அதன் வழியாகவே எட்டுகின்றன. வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணோடு பிணைந்துள்ளன. எனவே, ‘இந்த நிறுவனத்தை விட்டு வேறொன்றுக்குப் போகலாமா?’ என்னும் வினா பொழுதுபோக்கு வினா அன்று. பிழைப்பைத் தொடும் வினா. அதனைக் கோபத்தில் முடிவு செய்தல் ஆகாது. சோம்பலால் ஒத்திப்போடுதலும் ஆகாது.

எண் நம்மோடு வரும்

முன்னாளில் நிறுவனத்தை மாற்றினால் எண்ணையும் இழக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் அனைவர்க்கும் புது எண்ணைச் சொல்லியனுப்புவதற்கு அஞ்சியே பலர் குறைகளைப் பொறுத்திருந்தனர். இந்நிலை 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் மாறியது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை கிடைத்தது. 2015 ஜூலை முதல் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்பவரும் தம் எண்ணை உடன் கொண்டு செல்லலாம். விட்டு நீங்க உரிமை உள்ளவனிடமே வியாபாரி பணிந்து பேசுவான். அவ்வுரிமையின் பயன் அதுவே.

ஏர்செல் புகட்டிய பாடம்

1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் நிறுவனம் நம் மக்களிடையே மிகுதியாகப் பரவியிருந்தது. 2018 பிப்ரவரியில் மாநிலத்தின் பல பகுதிகளில் அதன் சிக்னல் திடீரென நின்றது. அம்மாத இறுதியில் அந்நிறுவனம் திவால் மனுச் செய்தது. மாறிக்கொள்வதற்குரிய குறியீட்டைப் பெறக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குறுஞ்செய்தி செல்லவோ சிக்னல் இல்லை! தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் தலையிட்டு, ஏப்ரல் 15 வரை மாறிக்கொள்ளத் தனி ஏற்பாடு செய்ய நேர்ந்தது. உரிமை இருந்தும் கடைசி நாள் வரை காத்திருந்தவர் பெரிதும் அல்லலுற்றனர். ஒரு நிறுவனம் தளரும் குறி நெடுநாள் நீடித்துத் தோன்றுமாயின், கதவு திறந்திருக்கும்போதே வெளியேறுவது அறிவுடைமை.

முதற் சோதனை: சிக்னல்

விலையைப் பார்க்குமுன் சிக்னலைப் பார்த்தல் வேண்டும். அண்டை வீட்டார் புகழும் நிறுவனம் நம் தறிக்கூடத்தில் ஊமையாக இருக்கலாம். குறைந்த அதிர்வெண் அலைகள் சுவரை ஓரளவு ஊடுருவிச் செல்லும். உயர்ந்த அதிர்வெண் அலைகள் மிகுந்த தகவலைச் சுமப்பினும் கான்கிரீட் சுவரில் தளர்ந்துவிடும். தகரக் கூரையோ இரண்டையும் தடுக்கும். பச்சைமலை, திருநீர்மலை போன்ற குன்றுகளின் மறைவிலும் சிக்னல் குன்றுதல் இயல்பு. ஆகவே புதிய நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் நண்பரை அழைத்து, தறிக்கூடம், கழனி, படுக்கையறை ஆகிய மூவிடங்களிலும் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை பேசிப் பார்க்கவும். டிராயின் ஆணைப்படி நிறுவனங்கள் தத்தம் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடங்களை 2025 முதல் இணையத்தில் வெளியிடுகின்றன. வரைபடம் துணை, நேர்ச் சோதனையே சான்று.

இரண்டாஞ் சோதனை: கணக்கு

28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என எண்ணுதல் பிழை. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். 28 நாளுக்கு 200 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 12 முறையன்று, 13 முறை கட்ட வேண்டும். 2,400 அன்று, 2,600 ரூபாய். வேறொரு நிறுவனம் 84 நாளுக்கு 560 ரூபாய் கேட்கிறது எனக் கொள்வோம். முன்னதில் நாளொன்றுக்கு 7 ரூபாய் 14 காசு. பின்னதில் 6 ரூபாய் 67 காசு. ஆண்டில் மிச்சம் ஏறத்தாழ 174 ரூபாய். எந்த விலையையும் நாட்கணக்கில் வகுத்துப் பார்த்தபின்னரே ஒப்பிடுதல் வேண்டும். 560 ரூபாயை ஒரே தடவையில் கட்டக் கையில் பணம் உண்டா என்பதையும் எண்ணுக.

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி ஆகிய மூன்றும் கட்டணத்தை உயர்த்தின, அரசின் பி.எஸ்.என்.எல். அப்போது உயர்த்தவில்லை. பலர் அதற்கு மாறினர். ஆனால் அந்நாளில் அதன் 4ஜி சேவை எங்கும் பரவியிருக்கவில்லை. நாடளாவிய தொடக்கம் 2025 செப்டம்பர் 27 அன்றுதான் நிகழ்ந்தது. விலையை மட்டும் பார்த்துச் செல்பவர் வேகத்தில் இழக்கக்கூடும்.

இணையம் வேண்டாதார்க்கு மற்றொரு வழியும் உண்டு. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் அளிக்க வேண்டுமென 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. மாறுவதற்கு முன் இருக்கும் இடத்திலேயே அதனைக் கேட்டுப் பார்க்கலாம். திட்டத்தை மாற்றினாலே தீரும் குறைக்கு நிறுவனத்தை மாற்றத் தேவையில்லை.

மூன்றாஞ் சோதனை: கருவி

ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை. பழைய பொத்தான் கைபேசி வைத்திருப்போர், அது 4ஜி கருவிதானா என அறிந்த பின்னரே அங்குச் செல்லுதல் வேண்டும். அன்றேல் மிச்சம் பிடித்த பணம் புதுக் கருவிக்குப் போகும்.

மாறும் முறை

கைபேசியில் ஆங்கில எழுத்தில் ‘போர்ட்’ என்னும் சொல்லையும், ஓர் இடைவெளி விட்டுத் தம் பத்திலக்க எண்ணையும் எழுதி, 1900 என்னும் எண்ணுக்கு அனுப்புக. எட்டெழுத்துக் குறியீடு ஒன்று வரும். நம் மாநிலத்தில் அது 4 நாள் செல்லும். அதனையும் அடையாளச் சான்றையும் புதிய நிறுவனத்தின் கடையில் காட்டிப் புது சிம் பெறலாம். அதே வட்டத்துக்குள் 3 வேலை நாளிலும், வேறு வட்டத்துக்கு 5 வேலை நாளிலும் மாற்றம் முடிதல் வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் நிறைந்திருக்க வேண்டும். மாதப் பில் கட்டுபவர் பாக்கி வைத்திருத்தல் கூடாது. கட்டிய பணத்தின் மீதி உடன் வராது. ஆதலின் காலம் முடியச் சில நாள் இருக்கும்போது விண்ணப்பித்தல் நலம். சேவை சிறிது நேரம் நிற்குமாதலால் அன்று வங்கி வேலை வைத்துக்கொள்ள வேண்டா.

குறியீட்டை எவரிடமும் தொலைபேசியில் சொல்லற்க. எண்ணைக் கவர்ந்தவன் வங்கியின் இரகசிய எண்ணையும் கவர்வான். இக்களவைத் தடுக்கவே, சிம்மை மாற்றி வாங்கிய 7 நாளுக்குள் குறியீடு வழங்கலாகாது என்னும் விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

இறுதியாக ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கியபோது கைபேசிகள் பல ஊமையாயின. ஒரு வீட்டில் இரண்டு கைபேசிகள் இருப்பின் இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வைக்காதிருத்தல் நன்று.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கு

1. நம் தெருவில் எந்நிறுவனத்தின் சிக்னல் எவ்விடத்தில் கிடைக்கிறது? அங்கத்தினர் பத்துப் பேர் சோதித்து ஒரே தாளில் எழுதுக.
2. நாம் இப்போது கட்டும் தொகை நாளொன்றுக்கு எவ்வளவு?
3. நம் குறை நிறுவனத்தினாலா, திட்டத்தினாலா, கருவியினாலா?

தனியொருவர் தேடி அலைவதைப் பத்துப் பேர் பகிர்ந்து அறிவது எளிது. கூட்டுறவின் பயன் நூல் வாங்குவதோடு நின்றுவிடுவதன்று.